சென்சாரை மாற்றுவதற்கு முன்னால்
(நெய்வேலி நகரியத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

அவையோரே, ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் சுரங்கத் தோழர்களே, அனல் மின் நிலையத் தோழர்களே, மந்தாரக்குப்பத்திலிருந்தும் வடக்குத்திலிருந்தும் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருக்கும் மெக்கானிக் நண்பர்களே, தாய்மார்களே, மாணவர்களே!

இன்று நான் பேச வந்திருப்பது ஒரு மஞ்சள் விளக்கைப் பற்றி. கார் டாஷ்போர்டில், எஞ்சின் படம் போட்டு எரிகிறதே, அந்தச் சின்ன விளக்கைப் பற்றி. இந்த மண்டபத்துக்கு வெளியே நிற்கிற கார்களில் எத்தனையில் அது இப்போது எரிந்துகொண்டிருக்கிறது என்று கேட்டால், கை தூக்க வெட்கப்படுகிறவர்களே அதிகம் இருப்பீர்கள்.

அந்த விளக்கு எரிந்ததும் என்ன செய்கிறோம்? ஒர்க் ஷாப்புக்குப் போகிறோம். ஸ்கேனர் மாட்டுகிறார்கள். திரையில் ஓர் எண் வருகிறது. "சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றுகிறோம். சில ஆயிரம் ரூபாய் போகிறது. பண்ருட்டி தாண்டுவதற்குள் விளக்கு மறுபடி எரிகிறது. "அப்போ அந்தப் பக்கத்து சென்சாரா இருக்கும்." அதையும் மாற்றுகிறோம். மறுபடி எரிகிறது. "அப்போ ஈசிஎம்மே போயிருக்கும்," அதாவது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரே. இப்போது ஆயிரங்கள் பல்லாயிரங்களாகிவிட்டன. வண்டி மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கே தவறு நடந்தது? முதல் வாக்கியத்திலேயே நடந்துவிட்டது. ஸ்கேனர் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதே இல்லை, நண்பர்களே. எந்த அளவு தனக்கு நம்பும்படியாக இல்லை என்று மட்டும் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தில்தான் நம் பணம் போகிறது. அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்பதே என் பேச்சு.

இதை நெய்வேலியில் பேசுவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஏன் தெரியுமா? இது அளந்து வாழ்கிற ஊர். 1935-இல் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. தண்ணீர் கெட்டுக் கிடக்கிறது, வேறு இடத்தில் தோண்டு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. அந்தக் கறுப்பு என்ன என்று கேட்டார், அரசின் காதுக்குக் கொண்டுபோனார். அந்தக் கேள்வியின் வால் பிடித்துத்தான் 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1962-இல் முதல் அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடியது.

இன்றைக்கும் என்ன? பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்க இரவு பகலாகப் பம்பு ஓடுகிறது. அழுத்தம் எவ்வளவு என்று அளக்காமல் சுரங்கத்தின் தரையில் ஒருவரும் நிற்க முடியாது. தெர்மலில், உங்கள் அனல் மின் நிலையத்தில், ஒரு முக்கியமான டிரிப்பை ஒரே ஒரு கருவியின் சொல்லை நம்பி வைக்கிறீர்களா? இல்லை. மூன்று கருவி வைத்து, மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால்தான் மெஷினை நிறுத்துகிறீர்கள். அப்படிப்பட்ட ஊரில், வேலைக்குப் போகும்போது மூன்றில் இரண்டு கேட்கிறவர், சொந்தக் காருக்கு மட்டும் ஒரே ஒரு எண்ணை நம்பி ஏன் பர்ஸைத் திறக்கிறார்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த விளக்கு சொல்வதைப் புரிந்துகொள்ள முதலில் எஞ்சினின் டைமிங் தெரிய வேண்டும். டைமிங் என்கிறோமே, அது என்ன?

எஞ்சினுக்குள் இரண்டு தண்டுகள் சுற்றுகின்றன. கீழே கிராங்க், மேலே கேம். கிராங்க் பிஸ்டனை ஏற்றி இறக்குகிறது. கேம் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. உள்ளே இழு, அமுக்கு, எரி, வெளியே தள்ளு என்று நான்கு வேலைகள். நான்கும் முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும், கேம் ஒரே ஒரு சுற்று. இந்தக் கணக்கு ஒருபோதும் மாறக் கூடாது. மாறாமல் பிடித்துவைப்பது ஒரு பெல்ட், அல்லது ஒரு செயின்.

கேட்க எளிதாக இருக்கிறது. வேகத்தை நினைத்துப் பாருங்கள். வண்டி 3000 ஆர்.பி.எம்.மில் போகிறது. பெரிய வேகமில்லை, சேத்தியாத்தோப்பு சாலையில் சாதாரணமாகப் போகிற வேகம்தான். அப்போது கிராங்க் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடுகிறது. பெட்ரோல் கலவை பற்றி, பரவி, எரிந்து அழுத்தம் எழும்ப நேரம் வேண்டும். ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்னாலேயே தீப்பொறி விழ வேண்டும். வேகம் கூடக் கூட இன்னும் முன்னால் விழ வேண்டும். பிந்தி விழுந்தால் இழுவை இல்லை, சூடு ஏறும். ரொம்ப முந்தி விழுந்தால் ஏற்றத்தில் 'டக் டக்' என்று நாக்கிங் அடிக்கும்.

இந்த வேலையை முன்பு யார் பார்த்தார்? அம்பாசடர் ஓட்டியவர்கள் இங்கே இருப்பீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே பாயிண்ட், ரோட்டர், கண்டென்சர். பீலர் கேஜ் வைத்து பாயிண்ட் இடைவெளி 15 தௌ, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று தீ விழும் வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, காதை எஞ்சின் பக்கம் வைத்து, மயிரிழை திருப்பி, வண்டியை ஓர் ஏற்றத்தில் ஏற்றிப் பார்த்து, நாக்கிங் கேட்டால் கொஞ்சம் பின்னுக்கு வாங்கி இறுக்குவார்கள். அந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே சுழற்சி வேகத்தில் விரிகிற இரண்டு எடைக்கட்டிகள் இருக்கும். வேகம் கூடினால் தீப்பொறியை முன்னுக்குத் தள்ளும். வேக்குவம் டயாஃப்ரம் ஒன்று லோடு பார்த்துத் திருத்தும். 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் சென்னை பாடியில் இந்த நாட்டு வண்டிகளுக்கு இந்த மாதிரி மின்சாரச் சாமான்களைச் செய்து கொடுத்தது. அன்றைய மெக்கானிக்கின் காது இருக்கிறதே, அது ஒரு நல்ல சென்சார். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

பிறகு ஏன் மாறியது? புகை. முக்கியக் காரணம் அதுதான். வெளியே வருகிற புகைக்கு அரசாங்கங்கள் கணக்குக் கேட்டன. இந்தியாவில் 2000 ஏப்ரலில் நாடு முழுவதும் ஐரோப்பாவின் முதல் கட்ட விதிக்கு நிகரான கட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு கட்டமாக இறுக்கியபோது கார்புரேட்டரும் பாயிண்ட்டும் விடைபெற்றன. வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்கிற விதி அமெரிக்காவில் 1996 மாடல் கார்களுக்கு முழுமையாக வந்தது. நம் நாட்டில் பி.எஸ். 4, அதாவது பாரத் ஸ்டேஜ் 4, கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் நிலையும் 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலையும் வந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டுகிற, 16 பின் கொண்ட அந்த சாக்கெட் வந்த கதை இதுதான். ஆகவே ஒன்றை மனத்தில் வையுங்கள்: அந்த மஞ்சள் விளக்கு பிறந்தது மெக்கானிக்குக்கு உதவி செய்ய அல்ல, புகை கூடிவிட்டால் ஓட்டுநரை எச்சரிக்க. அது நமக்கு வழி காட்டவில்லையே என்று கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை.

இப்போது கிராங்க் சென்சார். இங்கே தெர்மல் நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம், ஏனென்றால் இது உங்கள் சாமான். பல டர்பைன்களில் வேகத்தை எப்படி அளக்கிறீர்கள்? தண்டில் 60 பல் வைத்த ஒரு சக்கரம், அதன் எதிரே ஒரு பிக்கப். ஏன் 60? நிமிடத்துக்கு 60 நொடி. ஒரு சுற்றுக்கு 60 துடிப்பு வந்தால், நொடிக்கு எத்தனை துடிப்போ அதுவே நிமிடத்துக்கு எத்தனை சுற்று. 3000 துடிப்பு என்றால் 3000 ஆர்.பி.எம். வகுக்க வேண்டாம், பெருக்க வேண்டாம். என்ன அழகான கணக்கு!

காரிலும் பெரும்பாலும் அதே 60 பல் சக்கரம்தான். ஆனால் இரண்டு பல்லை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். இருப்பது 58. ஏன் எடுத்தார்கள்? டர்பைனுக்கு வேகம் தெரிந்தால் போதும். கார் எஞ்சினுக்கு வேகமும் தெரிய வேண்டும், பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். அந்த இரண்டு பல் இடைவெளி கடக்கும்போது, 'இதோ, இந்த இடம்' என்று ஈசிஎம் தெரிந்துகொள்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு பல்லும் 6 டிகிரி. எண்ணிக்கொண்டே போகிறது.

அது போதுமா? போதாது. பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வருகிறது. ஒரு தடவை எரிப்பதற்கு, மறு தடவை புகையைத் தள்ளுவதற்கு. இது எந்தத் தடவை என்று கிராங்க் சென்சாருக்குத் தெரியாது. கேம் சென்சார்தான் சொல்ல வேண்டும். ஆக இரண்டு சென்சார். இரண்டையும் ஈசிஎம் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. கிராங்க் இந்த இடத்தில் இருந்தால் கேம் அந்த இடத்தில் இருக்க வேண்டும். இல்லை என்றால்? பி 0016 என்று ஒரு கோட் எழுதிவைக்கிறது.

பி 0016. இந்த ஒரு கோடுக்காகவே நான் இன்று வந்தேன் என்று சொன்னாலும் பொருந்தும். இந்தக் கோட் வந்த வண்டிகளில்தான் அநியாயமாகக் கேம் சென்சார் மாற்றப்படுகிறது.

சுரங்கத்திலிருந்து வந்தவர்களைக் கேட்கிறேன். கன்வேயரில் மோட்டார் சுற்றுகிறது, டிரைவ் புல்லி சுற்றுகிறது, ஆனால் அந்தக் கோடியில் பெல்ட் வேகத்தை அளக்கிற கருவி வேகம் குறைந்துவிட்டது என்கிறது. கண்ட்ரோல் ரூமில் பெல்ட் ஸ்லிப் என்று அலாரம் அடிக்கிறது. என்ன செய்வீர்கள்? அந்தக் கருவியைக் கழற்றி வீசிவிட்டுப் புதுசு மாட்டுவீர்களா? முதலில் பெல்ட்டைப் போய்ப் பார்ப்பீர்களா? (சிரிப்பு) பெல்ட்டைத்தான் பார்ப்பீர்கள். அப்படியென்றால் காரில் மட்டும் ஏன் சென்சாரைக் கழற்றுகிறோம்? கருவி உண்மையைத்தான் சொல்கிறது. உண்மை நமக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் முன் கவரைத் திறப்பது பெரிய வேலை, சென்சாரைக் கழற்றுவது ஒரே ஒரு போல்ட்!

ஒரு வண்டியை வைத்துப் பார்ப்போம். செயின் போட்ட பெட்ரோல் கார், எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. ஆயில் மாற்றுவதில் உரிமையாளருக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி முன்பக்கம் கரகரவென்று சத்தம், பிறகு அடங்கிவிடுகிறது. இழுவை கொஞ்சம் குறைவு. பி 0016 வந்திருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

டிப்ஸ்டிக்கில் ஆரம்பியுங்கள். ஆமாம், டிப்ஸ்டிக். செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. கேமை முன்னும் பின்னும் நகர்த்துகிற அமைப்பு இருக்கிற வண்டியில் அதுவும் ஆயில் அழுத்தத்தில்தான். ஆயில் குறைந்திருந்தாலும் தார் மாதிரி ஆகியிருந்தாலும் இரண்டும் தடுமாறும். அந்தக் காலைச் சத்தம் என்ன சொல்கிறது? இரவெல்லாம் ஆயில் வடிந்துபோய், டென்ஷனருக்கு மறுபடி ஆயில் வந்து சேரும்வரை செயின் தொளதொளவென்று அடிக்கிறது. தொளதொளத்த செயின் பெரும்பாலும் தேய்ந்த செயின்.

அடுத்து ஒரு பைசா செலவில்லாத சோதனை. ஸ்கேனரில் லைவ் டேட்டா திறந்து, மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பாருங்கள். சாவி மட்டும் போட்டு எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது நெய்வேலியில் அது 100 கிலோபாஸ்கல் அளவில் காட்ட வேண்டும், ஏனென்றால் அது வெளிக்காற்றின் அழுத்தம். நாம் ஊட்டியில் இல்லை. இங்கேயே 80 காட்டினால் அதை அளக்கிற மேப் சென்சாரையே நம்பக் கூடாது. சரியாகக் காட்டினால் எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். சூடான, நல்ல எஞ்சினில் அது சுமார் 30, 40-க்கு இறங்கிவிடும். 50, 55 என்று மேலேயே நின்றால், வால்வுகள் தப்பான நேரத்தில் திறந்து மூடுகின்றன என்ற சந்தேகம் வலுக்கிறது. பாருங்கள், ஒரு போல்ட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. கேம் சென்சாரின் சொல்லுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு சென்சார் அதே கதையைச் சொல்கிறது. மூன்றில் இரண்டு வந்துவிட்டது.

இன்னும் ஐயமா? பிளக்குகளைக் கழற்றிக் கம்ப்ரஷன் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவு என்றால் அந்த சிலிண்டரின் வால்வோ ரிங்கோ. நான்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தால்? நான்குக்கும் பொதுவானது எது? டைமிங். இப்போது முன் கவரைத் திறக்கலாம். இப்போது திறக்க உங்களுக்கு உரிமை வந்துவிட்டது.

திறந்தால் என்ன தெரியும்? ஒரு கணக்கு சொல்கிறேன். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல், கேமில் 40 பல் என்று வையுங்கள். செயினோ பெல்ட்டோ ஒரே ஒரு பல் தாண்டிவிட்டால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி போய்விட்டது. வண்டி ஓடும், ஆனால் உயிரில்லாமல் ஓடும். இரண்டு மூன்று பல் தாண்டினால், வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்குபோடுகிற வகை எஞ்சினில், திறந்து தொங்குகிற வால்வின் தலையில் பிஸ்டன் வந்து இடிக்கும். அதற்குப் பிறகு பேச்சு சென்சாரைப் பற்றியதாக இருக்காது, எஞ்சின் ஹெட்டைப் பற்றியதாக இருக்கும். முதன்முதலில் வந்த சான்ட்ரோ, அதற்கு முந்தைய மாருதி 800 எல்லாம் ரப்பர் பெல்ட் போட்டவை. பெல்ட் வண்டி வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: கையேட்டில் கிலோமீட்டர் மட்டுமல்ல, ஆண்டுக் கணக்கும் போட்டிருக்கும். டவுன்ஷிப்புக்குள் மட்டும் ஓட்டுகிறேன், கிலோமீட்டரே ஏறவில்லை என்று பெருமைப்படாதீர்கள். ரப்பருக்கு வயது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதுவும் நம் ஊர் வெயிலில்.

மெக்கானிக் தம்பிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை. புதுச் செயின் மாட்டி, மார்க் எல்லாம் சேர்த்துவிட்டீர்கள். உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடுகிற திசையிலேயே, கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஏன் இரண்டு? கேம் அப்போதுதான் ஒரு சுற்று முடிக்கிறது. மறுபடி மார்க் சேர்கிறதா பாருங்கள். சுற்றும்போது எங்காவது முட்டினால் நிறுத்திவிடுங்கள். கையால் முட்டினால் திரும்ப வழி உண்டு. செல்ஃபில் முட்டினால் கிடையாது.

இதெல்லாம் சென்சார் நல்லவன் என்கிற கதை. சென்சாரே கெடுவதில்லையா என்று கேட்பீர்கள். ஏன் கெடாது? நன்றாகக் கெடும். அதற்கும் ஓர் உதாரணம் பார்ப்போம்.

சென்னையிலிருந்து புறப்பட்ட வண்டி. விக்கிரவாண்டி வரை ஒரு குறையும் இல்லை. பண்ருட்டி நெருங்கும்போது சட்டென்று அணைந்துவிட்டது. செல்ஃப் அடிக்கிறது, பிடிக்கவில்லை. ரோட்டோரம் நிறுத்திப் பலாப்பழம் வாங்கிச் சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க் ஷாப்புக்கு வந்தால் வண்டி ஆறிவிட்டது, எல்லாம் சரி. 'பெட்ரோல் பம்பா இருக்கும்' என்று பம்ப் மாறுகிறது. அடுத்த பயணம், அதே கதை.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அணைந்து நிற்கிற அந்த நேரத்தில், செல்ஃப் அடிக்கும்போது லைவ் டேட்டாவில் ஆர்.பி.எம். எவ்வளவு காட்டுகிறது? எஞ்சின் சுற்றுகிறது, காதில் கேட்கிறது. ஆனால் திரையில் பூஜ்யம் என்றால், ஈசிஎம்முக்கு எஞ்சின் சுற்றுவதே தெரியவில்லை. தெரியாதவன் தீப்பொறியும் விட மாட்டான், பெட்ரோலும் விட மாட்டான். கிராங்க் சிக்னல் இல்லை. இருநூறோ இருநூற்று ஐம்பதோ காட்டினால் கிராங்க் சென்சாரை விட்டுவிட்டு வேறு பக்கம் போங்கள். ஒரு பார்வையில் பாதி உலகம் விலகிவிடுகிறது.

பூஜ்யம் என்றாலும் உடனே சென்சார் வாங்க ஓட வேண்டாம். இரண்டு ஒயர் சென்சாரா, மூன்று ஒயர் சென்சாரா என்று பாருங்கள். இரண்டு ஒயர் என்றால் பெரும்பாலும் உள்ளே வெறும் காந்தமும் காயிலும்தான்; சுற்றும்போது தானே மின்னழுத்தம் தரும், மல்டிமீட்டரை ஏ.சி.யில் வைத்துப் பார்க்கலாம். மூன்று ஒயர் என்றால் அது பெரும்பாலும் ஹால் வகை. 1879-இல் எட்வின் ஹால் கண்டுபிடித்த விளைவு இன்று உங்கள் பானெட்டுக்குள் வேலை செய்கிறது. அதற்குச் சாப்பாடு போட்டால்தான் வேலை செய்யும்: மின்சாரம் வருகிறதா, எர்த் இருக்கிறதா, பிறகுதான் சிக்னல். காயில் வகையில் உள்ளே மயிர்போன்ற கம்பி சூட்டில் விரிந்து விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஆகவே ஆறிய சென்சாரை ஓம் பார்த்து 'நல்லாயிருக்கு' என்று சொல்வது சோதனையே அல்ல. சூடாக இருக்கும்போது பாருங்கள். முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அதுவே சிக்னலைக் கெடுக்கும்.

கப்ளரைப் பாருங்கள், ஒயர் வந்து சேருகிற அந்த இணைப்பை; அதற்கு வருகிற ஒயரையும் பாருங்கள். இந்த ஊரில் கப்ளரைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். குவார்ட்டர்ஸ் வாசலில், மரத்தடியில் வண்டி நிற்கிறது. எலி வருகிறது. எலிக்கு ஒயர் மேல் என்ன பகையோ, இந்த ஊர் மெக்கானிக்குகளைக் கேட்டால் புத்தகமே எழுதுவார்கள். ஒயர் முழுதாக அறுந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடும். தோல் மட்டும் கடித்து, உள்ளே இரண்டு இழை மிச்சம் இருந்தால்தான் நரகம்: கன்டினியூட்டி பார்த்தால் 'பீப்' என்று சொல்லும்; மேடு பள்ளத்தில் விட்டுவிடும். இன்னொரு எதிரி தண்ணீர். 2015 நவம்பர் மழையில் கடலூர் மாவட்டம் மிதந்ததே, அப்படி முட்டிவரைத் தண்ணீரில் நின்ற வண்டிகளில் கோளாறு அந்த வாரமே வராது. மாதங்கள் கழித்து, பின்னில் பச்சை பூத்து, ஒவ்வொரு சென்சாராக மயங்கும். புது சென்சார் மாட்டும்போது கப்ளரைக் கழற்றி மாட்டுவதால் பச்சை கொஞ்சம் உராய்ந்து விளக்கு அணைகிறது. 'பார்த்தீங்களா, சென்சார்தான்' என்கிறோம். ஒரு மாதம் கழித்து மறுபடி எரிகிறது.

மூன்றாவது உதாரணத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பி 0171. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். ஆக்சிஜன் சென்சார் சொன்னது. சொன்னவனையே தூக்கிவிட்டுப் புது ஆக்சிஜன் சென்சார் மாட்டுகிறார்கள். அதுவும் வந்து அதையே சொல்கிறது! லைவ் டேட்டாவில் ஃப்யூல் ட்ரிம் என்று ஒன்று இருக்கும். ஈசிஎம் எவ்வளவு பெட்ரோல் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கிறது என்பது அதில் தெரியும். ஐடிலில் அது மிக அதிகம், 2500 ஆர்.பி.எம்.மில் வைத்தால் இறங்கிவிடுகிறது என்றால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது: வெடித்த ஹோஸ், இறுக்காத கிளாம்ப். ஐடிலில் ஓரளவு சரி, லோடில் ஏறிக்கொண்டே போகிறது என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை: பம்ப், ஃபில்டர். சாம்பலும் செம்மண் தூசியும் பறக்கிற ஊர் இது. இங்கே ஏர் ஃபில்டரை அடிக்கடி திறக்கிறோம், நல்லதுதான். திறந்தவர்கள் மூடும்போது கிளாம்பைச் சரியாக மாட்டியிருந்தால் பாதி பி 0171 இந்த ஊரில் வந்தே இருக்காது என்பது என் சந்தேகம்.

சில நேரம் ஒரே சமயத்தில் ஐந்தாறு கோட் வரும். மேப், த்ராட்டில், ஆக்சிலரேட்டர் பெடல், எல்லாம் போச்சு என்று சொல்லும். வண்டிக்காரர் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஐந்து பேரும் ஒரே நிமிடத்தில் சாக மாட்டார்கள், நண்பர்களே. அவர்களுக்குப் பொதுவாக 5 வோல்ட் கொடுக்கிற ஒரு லைன் இருக்கிறது. ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் அந்த லைனே படுத்துவிடும். மீட்டரை 5 வோல்ட் லைனில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கப்ளராகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் எழுந்து நிற்கிறதோ, அங்கே இருக்கிறது வினை. எதைக் கழற்றியும் எழவில்லை என்றால் ஒயரிங்கைப் பாருங்கள். 5 வோல்ட் நன்றாகவே இருந்தால், பொதுவான எர்த்தைப் பாருங்கள். இவை எல்லாம் முடிந்த பிறகுதான் ஈசிஎம் என்கிற வார்த்தையை வாயால் சொல்ல வேண்டும்.

இப்போது மெக்கானிக் நண்பர்களின் பக்கம் நின்று, மற்றவர்களைக் கொஞ்சம் கேட்கப் போகிறேன். கோபிக்கக் கூடாது.

நான் சொன்ன சோதனைகளுக்கு என்ன செலவு? பாகம் ஒன்றும் இல்லை. நேரம். ஒரு மணி, ஒன்றரை மணி. அந்த ஒன்றரை மணி நேரம் ஒருவர் அளந்து, யோசித்து, எலி கடித்த ஒயரைக் கண்டுபிடித்து, டேப் சுற்றி, 'ஆயிரம் ரூபாய் கொடுங்க' என்றால் என்ன சொல்கிறோம்? "ஒயர் சுத்துனதுக்கு ஆயிரமா?" அதே மனிதர் எதையும் பார்க்காமல் ஆறாயிரம் ரூபாய் சென்சாரை மாட்டி, டப்பாவைக் கையில் கொடுத்தால் பேசாமல் கொடுக்கிறோம். டப்பாவுக்குக் காசு கொடுக்கிறோம், மூளைக்குக் கொடுக்க மாட்டோம் என்கிறோம். அப்புறம் ஊரில் எல்லோரும் டப்பா விற்கிறார்கள் என்று புலம்பினால் யார் என்ன செய்ய முடியும்? பார்த்ததற்குக் காசு கேட்கிற மெக்கானிக் கிடைத்தால் பேரம் பேசாமல் கொடுங்கள். அவரை விடாதீர்கள்.

இன்னொன்று. விளக்கு எரிந்தால் பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுகிற கைவைத்தியம் ஒன்று இருக்கிறது. விளக்கு அணைந்துவிடும். கூடவே, கோட் எழுதப்பட்ட அந்த நொடியில் எஞ்சின் என்ன வேகத்தில் இருந்தது, எவ்வளவு சூடு, எவ்வளவு லோடு என்று ஈசிஎம் எடுத்துவைத்த குறிப்பும் அழிந்துவிடும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அதைப் படம் எடுத்துக்கொள்ளாமல் யாரையும் கோட் அழிக்க விடாதீர்கள். விளக்கு சும்மா எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். மினுக் மினுக்கென்று துடித்தால் மிஸ்ஸிங் கடுமையாக இருக்கிறது, எரியாத பெட்ரோல் போய்ப் புகைக்குழாயில் இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுடுகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

கடைசியாக, கையில் ஸ்கேனர் இருக்கிறவர்கள் நாளைக் காலையே செய்யக்கூடிய ஒன்று. புளூடூத் ஸ்கேனர் மலிவாகவே கிடைக்கிறது, செல்போனில் ஓடும். இரவு முழுதும் நின்ற வண்டி, ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை மட்டும் போட்டு மூன்று எண்களைப் பாருங்கள்: கூலன்ட் சூடு, உள்ளே போகும் காற்றின் சூடு, செல்போன் சொல்கிற வெளிச் சூடு. இரவெல்லாம் சும்மா நின்ற எஞ்சினில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று டிகிரி முன்பின் பரவாயில்லை. கூலன்ட் மட்டும் பத்துப் பதினைந்து டிகிரி குறைந்து நின்றால் அந்த சென்சார் பொய் சொல்கிறது, பெட்ரோலை அது வீணடிக்கிறது; விளக்கு எரியாமலேயே வீணடிக்கும், ஏனென்றால் அந்தப் பொய் ஈசிஎம் நம்புகிற அளவுக்குள் இருக்கிறது. மைனஸ் 40 காட்டினால் பயப்பட வேண்டாம். நெய்வேலியில் பனி பெய்யவில்லை. அந்த சென்சாரின் ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது கப்ளர் கழன்றிருக்கிறது. முதலில் கப்ளரைத் தொட்டுப் பாருங்கள்.

நேரம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பின்வரிசையில் ஒரு நண்பர் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். டீசல் வண்டியைப் பற்றித்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். மைக்கை அவரிடம் கொடுங்கள்.